பெற்றோரைக் கனடாவுக்கு அழைக்க: பி.ஆர்., சூப்பர் விசா, இங்கேயே இருப்பது. எந்த வீட்டுக்கு எது?

பிள்ளை கனடாவில் பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வாங்கி, வீடும் வாங்கி, பேரக்குழந்தையும் பிறந்துவிட்டால் அடுத்த பேச்சு இதுதான்: "நீங்க ரெண்டு பேரும் அங்க எதுக்குத் தனியா இருக்கணும்? இங்கேயே வந்துடுங்க." பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வடசென்னை முழுக்க இந்தப் பேச்சு ஓடுகிற வீடுகள் இருக்கின்றன. என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்கி நிற்கிறார்கள். பி.ஆருக்கு ஸ்பான்சர் செய்வதா, பெற்றோர் நீண்ட நாள் தங்கிப் போக உதவும் சூப்பர் விசாவில் கூட்டிப் போவதா, இல்லை அப்பா அம்மா இங்கேயே இருக்க, பிள்ளைகள் வந்து போவதா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு சூப்பர் விசாவில் தொடங்குவதே சரி. ஒரு முழுக் குளிர்காலத்தை அங்கே கழித்த பிறகுதான் பெற்றோருக்கே தங்கள் மனசு தெரியும். பி.ஆரை ஒரு மரியாதையாக நினைத்து அதற்காக ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. வீட்டை விற்றுவிட்டுப் போய், இரண்டாம் வருடமே திரும்பி வந்து வாடகை வீட்டில் உட்காரும் நிலை எந்தப் பெரியவருக்கும் வரக்கூடாது.

## எதை வைத்து முடிவு செய்வது

விசா பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

முதல் கேள்வி மருத்துவம். நாளைக்கே அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தால் எந்த ஆஸ்பத்திரி, யார் பணம்? அடுத்தது, அவர்கள் எவ்வளவு நாள் அங்கே இருக்க விரும்புகிறார்கள் என்பது. பிள்ளையின் ஆசையை அவர்கள் ஆசை என்று எழுதிக்கொள்ளக் கூடாது. மூன்றாவது, பிள்ளையின் வருமானமும் வேலையும் எவ்வளவு உறுதி. நான்காவது, இங்கே இருக்கும் சொத்து, பென்ஷன், வங்கிப் பணம். ஐந்தாவது, இங்கே இன்னொரு மகனோ மகளோ இருக்கிறாரா என்பது. கடைசியாக, காலை பத்து மணிக்கு எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு அந்த வீட்டில் அவர்கள் என்ன செய்வார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. திரும்பி வந்தவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

| | பி.ஆர். ஸ்பான்சர் | சூப்பர் விசா | சென்னையிலேயே இருப்பது |
|---|---|---|---|
| பிள்ளையின் வருமானம் | குறைந்தபட்ச வரம்பு + 30%, தொடர்ந்து 3 வரி ஆண்டுகள் | குறைந்தபட்ச வரம்பு போதும் | நிபந்தனை இல்லை |
| வாய்ப்பு | அழைப்பு வந்தால்தான் விண்ணப்பம் | எப்போதும் விண்ணப்பிக்கலாம் | – |
| தங்கும் காலம் | நிரந்தரம். 5 ஆண்டில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும் | ஒரு வருகைக்கு 5 ஆண்டு வரை. விசா 10 ஆண்டு வரை | பிள்ளைகள் வந்து போவார்கள் |
| மருத்துவம் | மாகாண அரசுத் திட்டம் | தனியார் காப்பீடு, குறைந்தது 1,00,000 டாலருக்கு | பழகிய டாக்டர், பழகிய ஆஸ்பத்திரி |
| பிள்ளையின் பொறுப்பு | 20 ஆண்டு (கியூபெக்கில் 10) | அழைப்புக் கடிதத்தில் தரும் உறுதி | ஆள் வைத்துப் பார்ப்பது, அவசரத்துக்கு ஓடி வருவது |
| கண்ணில் படாத செலவு | இங்குள்ள சொத்து, கணக்கு, வரி | பழைய நோய்க்கான விலக்கு | கடைசி நிமிட விமான டிக்கெட், தனிமை |

## பி.ஆர். ஸ்பான்சர்

இதில் பெரிய தடையே வாசலில் நிற்கிறது. நினைத்த நேரத்தில் விண்ணப்பம் போட முடியாது. 2025 வரை, விருப்பப் படிவம் கொடுத்தவர்களில் இருந்து குலுக்கல் முறையில் அழைப்பு அனுப்பினார்கள். அந்தப் படிவத்தை கடைசியாக வாங்கியது 2020 அக்டோபர், நவம்பரில். அதற்குப் பிறகு 2025 வரை போன அழைப்புகள் எல்லாம் அந்தப் பழைய பட்டியலில் இருந்துதான். 2025இல் 17,860 அழைப்புகள் அனுப்பி, அதிலிருந்து 10,000 விண்ணப்பங்கள் வரை எடுத்துக்கொள்வது திட்டமாக இருந்தது. ஆகவே 2020க்குப் பிறகு கனடா போன பிள்ளைக்கு, கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் அந்தச் சுற்றுகளில் இடம் இல்லை. "உறுதியாக பி.ஆர். வாங்கித் தருகிறோம்" என்று அட்வான்ஸ் கேட்கும் ஏஜென்டிடம் இந்த ஒரு விஷயத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

அழைப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வருமானம். வரம்பு குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. இங்கே பலர் தலையை எண்ணுவதில் தவறுகிறார்கள். மகன், மருமகள், இரண்டு குழந்தைகள், அப்பா, அம்மா: கணக்கு ஆறு பேருக்கு. 2025 சுற்றில், 2024ஆம் ஆண்டு வருமானமாக ஆறு பேருக்கு ஏறக்குறைய 90,000 கனடிய டாலர் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. மூன்றில் ஓர் ஆண்டு வேலை போய் வருமானம் வரம்புக்குக் கீழே சரிந்திருந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும். மருமகளும் இணைந்து கையெழுத்துப் போட்டால் இருவர் வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம். மாமியார் மாமனாரையும் பிறகு அழைக்க எண்ணம் இருந்தால், முன்பே பொறுப்பேற்றவர்களும் தலைக்கணக்கில் சேருவார்கள். இதை இரண்டு குடும்பமும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

பிறகு அந்த 20 ஆண்டு. பெற்றோர் பி.ஆர். ஆகும் நாளில் தொடங்கும் இந்தப் பொறுப்பை நடுவில் கைவிட முடியாது. பிள்ளைக்கு வேலை போனாலும், விவாகரத்து ஆனாலும், பெற்றோர் கனடியக் குடிமக்களே ஆகிவிட்டாலும் அது தொடரும். இடையில் அவர்கள் அரசிடம் நலத்தொகை வாங்கினால் பிள்ளைதான் திருப்பிக் கட்ட வேண்டும். முதியோர் ஓய்வூதியமும் போன உடனே வராது. அதற்கு 18 வயதுக்குப் பிறகு குறைந்தது 10 ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும். 68 வயதில் போகிறவருக்கு 78 வயதில்தான் அந்தப் பேச்சு.

இவ்வளவுக்கும் ஈடாகக் கிடைப்பது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. மாகாண மருத்துவத் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று பழைய நோய்களுக்கும் சேர்த்தே வைத்தியம் கிடைக்கும். ஒன்டாரியோவில் 65 வயதுக்கு மேல் பெரும்பாலான மருந்துகளுக்கும் அரசு உதவி உண்டு. ஆனால் விண்ணப்ப நேரத்தில் மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. ஒருவரின் நோயால் அரசுக்கு ஆகும் செலவு ஒரு வரம்பைத் தாண்டும் என்று கணக்கிட்டால் மறுக்கலாம். 2025இல் அந்த வரம்பு ஆண்டுக்குச் சுமார் 27,000 டாலர். டயாலிசிஸில் இருப்பவருக்கு இந்த வழி ஏறக்குறைய அடைபட்டதுதான்.

இனி இந்தப் பக்கத்துச் செலவு. நம் பகுதியில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, ரயில்வே கேரியேஜ் பட்டறை, துறைமுகம் என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவருக்கு பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. இதய சிகிச்சைக்குப் பேர் வாங்கிய அந்த இடத்தில் கார்டைக் காட்டி வைத்தியம் பார்த்துக்கொள்கிற வசதியை விட்டுவிட்டுப் போவதும் ஒரு விலைதான். அதையும் கணக்கில் எழுதுங்கள். பென்ஷன் நிற்காது. ஆனால் நவம்பர் மாத உயிர்ச் சான்றை அங்கிருந்தே கொடுக்க ஏற்பாடு வேண்டும்; மொபைலில் முகம் காட்டிச் செய்யும் முறையைப் புறப்படுவதற்கு முன்பே இங்கே ஒரு தடவை செய்து பழகிக்கொள்ளட்டும்.

நிரந்தரமாகக் குடியேறினால் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிதாகப் பணம் போட முடியாது. தண்டையார்பேட்டை வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் அந்த வாடகையையும் இந்தியப் பென்ஷனையும் கனடாவின் வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும். வாடகைக்கு விட்ட வீடு உட்பட வெளிநாட்டுச் சொத்து 1,00,000 டாலரைத் தாண்டினால், குடியேறிய முதல் ஆண்டு கழித்து தனிப் படிவமும் உண்டு. தவறினால் அபராதம். இன்றைக்கு வடசென்னையில் ஒரு தனி வீடு அந்த வரம்பைத் தாண்டுவது சாதாரணம். தாங்களே வந்து தங்குவதற்காகப் பூட்டி வைத்த வீட்டுக்கு இந்தப் படிவம் வேண்டாம்.

வீட்டை விற்கும் எண்ணம் இருந்தால், என்.ஆர்.ஐ. ஆன பிறகு விற்பவருக்கு வாங்குபவர் பிடித்துக்கொள்ள வேண்டிய வரி அதிகம். அங்கிருந்து பவர் பத்திரம் எழுதி அனுப்பினால், இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிச் செல்லுபடியாக்க வேண்டும். அதற்காக அவசரப்பட்டு, போவதற்கு முன்பே விற்றுவிடவும் வேண்டாம். முதல் இரண்டு ஆண்டுகளாவது வீடு அவர்கள் பெயரில், அவர்கள் சாவியோடு இருக்கட்டும். "எப்படியும் திரும்பி வர மாட்டீங்க" என்று சொல்லி செட்டில்மென்ட் எழுதி வாங்குவது பிள்ளையே ஆனாலும் தவறு.

யாருக்குப் பொருந்தும்: பிள்ளைகள் எல்லோரும் கனடாவில், இங்கே பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை, பெற்றோர் அறுபதுகளின் தொடக்கத்தில், ஏற்கெனவே அங்கே நீண்ட நாள் இருந்து பிடித்துப்போயிருக்கிறது. இந்த வீடுகளுக்கு அழைப்பு வந்தால் விடவே கூடாது.

## சூப்பர் விசா

2011 டிசம்பரில் வந்த ஏற்பாடு இது. முன்பு ஒரு வருகைக்கு 2 ஆண்டு. 2022 ஜூலையில் இருந்து 5 ஆண்டு. அங்கிருந்தே நீட்டிப்பும் கேட்கலாம். பெற்றோர், தாத்தா பாட்டிக்கு மட்டும்தான். கூடவே திருமணமாகாத தங்கையை அழைத்துப் போக இதில் வழி இல்லை. வேலை செய்யக் கூடாது. குலுக்கல் இல்லை, 20 ஆண்டுப் பொறுப்பு இல்லை, வருமான வரம்பிலும் அந்த 30 விழுக்காடு இல்லை. பி.ஆர். பட்டியலில் பெயர் இருப்பவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஒன்று இன்னொன்றைக் கெடுக்காது.

எல்லாம் நன்றாக இருக்கிறது, காப்பீட்டைத் தவிர. குறைந்தது ஓராண்டுக்கு, 1,00,000 டாலர் அளவுக்குக் காப்பீடு வேண்டும். கனடிய நிறுவனத்தில் எடுக்கலாம். 2025 ஜனவரி முதல், கனடிய ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி பெற்ற வெளிநாட்டு நிறுவனத்திலும் எடுக்கலாம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். எழுபதைத் தாண்டினால் கூடிக்கொண்டே போகும். இது அவசரத்துக்கான காப்பீடு. மாதாந்திரச் சோதனை, பல், கண்ணாடி எதுவும் இதில் வராது.

இதில் ஒரு நிபந்தனையை மட்டும் நின்று படியுங்கள். சர்க்கரை, பி.பி. போன்ற பழைய நோய்களையும் சேர்த்துக்கொள்ளும் பாலிசிகளில் அந்த நோய் "நிலையாக" இருக்க வேண்டும் என்று ஒரு காலம் போட்டிருப்பார்கள். 90 நாள், 120 நாள், 180 நாள் என்று பாலிசிக்குப் பாலிசி மாறும். நிலையாக இருப்பது என்றால் உடம்பு நன்றாக இருப்பது மட்டும் இல்லை. மருந்து மாறாமல் இருப்பதும்தான். அம்மா பல வருடமாக பி.பி.க்கு 5 மில்லிகிராம் மாத்திரை போடுகிறார். ஊருக்குப் போகிறோமே என்று புறப்படும் மாதத்தில் செக்கப் போகிறார்கள். டாக்டர் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது என்று 10 மில்லிகிராமாக எழுதிக் கொடுக்கிறார். மருத்துவத்தில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த 90 நாளோ 180 நாளோ புதிதாக எண்ணப்படும். போய் இறங்கிய மூன்றாம் வாரத்தில் பக்கவாதம் வந்தால் நிறுவனம் இந்தச் சீட்டைத்தான் முதலில் கேட்கும். பில் முழுக்கப் பிள்ளை தலையில் விழும். அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுக்கைக்கே ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும்.

ஆகவே முழு உடல் பரிசோதனையை பயணத்துக்கு ஏழெட்டு மாதம் முன்பே செய்துகொள்ளுங்கள். மாற்ற வேண்டிய மருந்தை அப்போதே மாற்றிவிடுங்கள். அதற்காக, பிறகு தேவைப்பட்டால் மருந்தை மாற்ற வேண்டாம் என்று டாக்டரிடம் கெஞ்சக் கூடாது. பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். விண்ணப்பத்தில் எந்த நோயையும் மறைக்காதீர்கள். மறைத்த பாலிசி இல்லாத பாலிசிக்குச் சமம். இன்னொன்று, கையில் கொண்டுபோகும் மாத்திரைக்கு 90 நாள் அளவு என்ற வரம்பு உண்டு. அதற்குப் பிறகு அங்கே டாக்டரைப் பார்த்து, சொந்தப் பணத்தில் வாங்க வேண்டும். மாதச் செலவில் அதையும் சேருங்கள்.

நன்மை என்னவென்றால், இந்தப் பக்கத்தில் எதையும் கலைக்க வேண்டியதில்லை. வீடு அப்படியே இருக்கும். ஆறேழு மாதம் போய்த் திரும்புகிறவர்களுக்கு வங்கிக் கணக்கில் பெரும்பாலும் மாற்றம் தேவைப்படாது. ரயில்வே ஆஸ்பத்திரியோ ஸ்டான்லியோ, திரும்பி வந்ததும் பழைய டாக்டர் இருப்பார். மே மாதம் போய் அக்டோபரில் திரும்பிவிட்டால் குளிரும் தொல்லை இல்லை. முன்கூட்டித் திரும்பினால், க்ளெய்ம் எதுவும் எடுக்காத பட்சத்தில் மீதி மாதங்களுக்கான பிரீமியத்தைப் பல பாலிசிகளில் திருப்பித் தருவார்கள்.

ஒரு விஷயத்தை மகன்களிடமும் மகள்களிடமும் நேராகவே சொல்கிறேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காக அழைக்கிறீர்கள் என்றால் அதை மனம் திறந்து சொல்லி அழையுங்கள். பேரனைப் பார்த்துக்கொள்வது பாட்டிக்குச் சந்தோஷம்தான். ஆனால் கார் ஓட்டத் தெரியாத, பஸ் நிறுத்தம் தூரத்தில் இருக்கிற ஒரு புறநகர் வீட்டில், வாரத்தில் ஐந்து நாள் பத்து மணிநேரம் என்றால் அது வேலை. திருவொற்றியூரில் காலையில் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய், வழியில் நாலு பேரிடம் பேசி, காய் வாங்கிக்கொண்டு வந்த பெண்மணி அவர். வாரம் இரண்டு நாளாவது கோயிலுக்கோ, சர்ச்சுக்கோ, தமிழ் ஆட்கள் கூடுகிற இடத்துக்கோ யார் கூட்டிப் போவது என்று டிக்கெட் போடும்போதே முடிவு செய்யுங்கள். டொரான்டோவின் ஸ்கார்பரோ பக்கம் வீடு என்றால் தமிழ்ப் பேச்சுக்குப் பஞ்சம் இல்லை. தூரத்துச் சிறு ஊர் என்றால் இந்த ஏற்பாடு இல்லாமல் அழைக்காதீர்கள்.

யாருக்குப் பொருந்தும்: இங்கே ஒரு பிள்ளை, அங்கே ஒரு பிள்ளை உள்ளவர்கள், பி.ஆர். அழைப்பு வராதவர்கள், போய்ப் பார்க்காதவர்கள். அதாவது பெரும்பாலானோர். பொருந்தாதது, சமீபத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் கீமோ முடித்தவர்களுக்கும்.

## சென்னையிலேயே இருப்பது

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை, விட்டுப்போனது மாதிரி பேசுகிறார்கள். எண்பது வயதுக்காரருக்கு இதுவே முதல் வழி என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் "இங்கேயே இருக்கட்டும்" என்று விட்டுவிடுவது வேறு, இருப்பதற்கு ஏற்பாடு செய்வது வேறு. வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேல் ஆகும். மாடி வீட்டில் இருந்தால் கீழ்த்தளத்துக்கோ லிஃப்ட் உள்ள வீட்டுக்கோ மாற வேண்டும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை போல மழைநீர் நிற்கும் இடத்தில் வீடு என்றால் வடகிழக்குப் பருவமழையின் போது அவர்களை யார் வீட்டுக்கு மாற்றுவது என்று அக்டோபருக்கு முன்பே பேசி வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கரண்டும் போனும் இல்லாமல் மாடியில் அடைபட்ட பெரியவர்கள் பட்ட பாடு போதும். எண்ணூர், மணலி பக்கத்துக் காற்றில் மூச்சிரைப்பு கூடுகிறவர்களை நகரத்தின் வேறு பகுதிக்காவது மாற்ற வேண்டும். அதற்குக் கனடா வரை போக வேண்டியதில்லை.

முதியோர் உதவி எண் 14567. அதை வீட்டுப் போனில் பதிந்து வையுங்கள். பிள்ளையின் பக்கத்தில் பெரிய செலவு கடைசி நேர டிக்கெட். அதற்கென்று தனியாகப் பணமும், ஆபீஸில் சேர்த்து வைத்த லீவும் எப்போதும் இருக்க வேண்டும்.

## கனடா அல்லாத நாடு என்றால்

அமெரிக்காவில் 21 வயது நிறைந்த குடிமகனோ குடிமகளோ மட்டுமே பெற்றோரை அழைக்க முடியும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் முடியாது. எண்ணிக்கை வரம்பு இல்லை என்பதால் கனடாவைவிட இது நிச்சயமானது. ஆனால் ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் கிரீன் கார்டுக்கே ஆபத்து. அரசு மருத்துவக் காப்பீட்டை விலை கொடுத்து வாங்கவும் 65 வயதும், 5 ஆண்டு வாசமும் வேண்டும். அண்ணன், தம்பி, அக்கா, தங்கையை அழைக்க 15 ஆண்டுக்கும் மேலாகக் காத்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே இருக்க வேண்டும், அல்லது வேறு எந்த ஒரு நாட்டையும்விட அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். பணம் கட்டும் வழியில் தலைக்கு 45,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல், பத்து ஆண்டுக்கும் மேல் காத்திருப்பு. பணம் குறைந்த வழியில் 30 ஆண்டு, அதாவது இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். 3 அல்லது 5 ஆண்டுத் தற்காலிகப் பெற்றோர் விசா மட்டும் நடைமுறையில் கைக்கு எட்டுவது. பிரிட்டனில் 2012 விதிகளுக்குப் பிறகு, தன் அன்றாட வேலையைத் தானே செய்ய முடியாத, இங்கே பணம் கொடுத்தாலும் பராமரிப்பு கிடைக்காத பெற்றோருக்கு மட்டும்தான் வழி. அதை நிரூபிப்பது மிகக் கடினம்.

## எந்த வழியானாலும் காகிதம்

விண்ணப்பம் தாமதமாவது பெரும்பாலும் இங்கேதான். பழைய பிறப்புச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயரே இருக்காது. பெயர் சேர்க்க என்ன வழி என்று மாநகராட்சியில் கேட்க வேண்டும். அதில் அம்மா பெயர் "லட்சுமி", அவர் பாஸ்போர்ட்டில் "லக்ஷ்மி அம்மாள்", ரேஷன் கார்டில் இன்னொன்று. அப்பா பெயர் ஒரு இடத்தில் இனிஷியலாகவும் இன்னொரு இடத்தில் விரிவாகவும் இருக்கும். உறவை நிரூபிக்கக் காகிதம் போதவில்லை என்றால் டி.என்.ஏ. பரிசோதனை வரை கேட்பார்கள். பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள், ஏனென்றால் விசா அதில்தான் ஏறும்.

தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டமே 2009இல் வந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கோயிலிலோ மண்டபத்திலோ கட்டிய தாலிக்குப் பதிவு இருக்காது. சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதும் பதியலாம். சர்ச்சில் நடந்த கல்யாணம் என்றால் அந்தச் சர்ச்சின் பதிவேட்டு நகலை வாங்கிவிடுங்கள். இரண்டுக்கும் அப்பா அம்மா நேரில் போக வேண்டியிருக்கும். அவர்கள் படி ஏறி இறங்க முடிகிற இப்போதே போய் முடித்துவிடுங்கள்.